கணக்கில் 25 ஆண்டு, கன்வேயரில் 4 மாதம்: ஐட்லர் கணக்கில் நான் பட்ட பாடு

இரவு பதினொன்றரைக்கு சைட்டிலிருந்து போன். மெயின்டனன்ஸ் பார்க்கும் அண்ணன்தான். "தம்பி, மேல வளைவுல ரோலர் எல்லாம் கத்துது. ஒண்ணு ரெண்டு இல்ல, வரிசையா. ஒண்ணு சுத்தவே இல்ல. பெல்ட்டு அது மேல தேய்ஞ்சு தேய்ஞ்சு குழாய் கத்தி மாதிரி ஆயிடுச்சு. பெல்ட்டுல நீளமா கீறல் விழுந்திருக்கு, வந்து பாருங்க" என்றார். கன்வேயர் ஓடத் தொடங்கி நான்கு மாதம்கூட நிறையவில்லை. அந்த ஐட்லர்களை, அதாவது பெல்ட்டைக் கீழிருந்து தாங்கிச் சுற்றும் ரோலர் செட்டுகளை, தேர்ந்தெடுத்த கணக்கு முழுக்க என்னுடையது. பேரிங் ஆயுள் ஏறத்தாழ 25 ஆண்டு என்று அதில் நான்தான் எழுதியிருந்தேன். போனை வைத்த பிறகு அந்த எக்செல் ஷீட்டைத் திறந்து விடியும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு கூட்டல் பிழைகூட இல்லை. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

எங்கள் வடிவமைப்புக் குழு சின்னது. கன்வேயர் தெரிந்த மூத்தவர் யாரும் இல்லை. அதற்கு முன் நான் செய்ததெல்லாம் கியர்பாக்ஸும் தாங்கு சட்டங்களும்தான். பெல்ட் இழுவிசைக்கும் மோட்டார் திறனுக்கும் ஐஎஸ்ஓ 5048 முறையை ஒழுங்காகப் படித்துக் கணக்குப் போட்டேன். அதற்கு மூன்று வாரம் எடுத்தது. ஐட்லருக்கு நான் கொடுத்தது ஒரே ஒரு மதியம். கேட்லாக்கைப் பார்த்து எடுக்கிற பொருள்தானே என்ற நினைப்பு. அந்த ஒரு மதியத்தின் அலட்சியத்துக்கு மூன்று முறை ரோலர் மாற்றினோம், மொத்தம் பதினொரு நாள் ஓட்டம் நின்றது, வரவேண்டிய கடைசித் தவணை எட்டு மாதம் நிறுத்தி வைக்கப்பட்டது. என் தூக்கம் போனது தனிக்கணக்கு. இந்த வேலைக்குப் புதிதாக வருகிற ஒருவருக்காவது இது உதவட்டும் என்றுதான் எண்களோடு எழுதுகிறேன்.

முதலில் நான் போட்ட கணக்கைச் சொல்லிவிடுகிறேன். மணிக்கு 1000 டன் உடைகல், பெல்ட் அகலம் 1200 மிமீ, வேகம் விநாடிக்கு 2 மீட்டர், ஐட்லர் இடைவெளி 1.2 மீட்டர், சமநீள மூன்று ரோலர்கள், 35 பாகைத் தொட்டி (பக்க ரோலர்கள் இரண்டும் அந்தக் கோணத்தில் சாய்ந்து பெல்ட்டைத் தொட்டிபோல் வளைக்கும்). ஒரு மீட்டர் பெல்ட்டின் மேல் கிடக்கும் கல்லின் எடைக்கு டன்னை வேகத்தாலும் 3.6 ஆலும் வகுக்க வேண்டும்: 139 கிலோ. பெல்ட் மீட்டருக்கு 18 கிலோ. இரண்டையும் கூட்டி 1.2 ஆல் பெருக்கினால் ஒரு ஐட்லர் செட்டுக்கு 188 கிலோ, அதாவது ஏறத்தாழ 1850 நியூட்டன். இந்தச் சுமை மூன்று ரோலருக்கும் சமமாகப் பிரியாது. 35 பாகைத் தொட்டியில் நடு ரோலர் மட்டும் சுமார் 67 சதவீதம் தாங்கும். ஆக நடு ரோலருக்கு 1240 நியூட்டன். கல்லின் அளவு, வேகம், தூசு, ஓடும் நேரம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 1.4 என்று ஒரு பெருக்கு எண் வைத்தேன். ரோலரின் இரண்டு பேரிங்குகளுக்கும் பிரித்தால் ஒரு பேரிங்குக்கு 870 நியூட்டன் வந்தது. 6204 பேரிங்கின் இயங்கு தாங்குதிறன் ஏறத்தாழ 13.5 கிலோநியூட்டன். இரண்டின் விகிதத்தை மூன்றாம் அடுக்குக்கு உயர்த்தினால் ஆயுள் பத்து லட்சம் சுற்றுகளின் எண்ணிக்கையில் வரும். அதை, 133 மிமீ ரோலர் நிமிடத்துக்கு 287 சுற்று சுற்றும் என்று வகுத்தால் இரண்டு லட்சம் மணி நேரத்துக்கு மேல். இரவு பகலாக ஓடினாலும் 25 ஆண்டு. அந்த எண்ணைப் பார்த்ததும் மனம் நிறைந்து கோப்பை மூடிவிட்டேன்.

இந்தக் கணக்கில் தவறு எதுவும் இல்லை. ஆனால் இது ஐட்லர் கணக்கின் முதல் பக்கம் மட்டும்தான். பேரிங் சுழற்சிக் களைப்பால் சாக எவ்வளவு காலம் ஆகும் என்பதைத்தான் அது சொல்கிறது. கன்வேயர் ரோலரில் பேரிங் அப்படிக் களைத்துச் சாகும் வரை பிழைத்திருப்பதே அபூர்வம். அதற்கு முன்பே ரோலருக்குள் ஓடும் ஷாஃப்ட் வளைந்தோ, சீல் வழியாகத் தூசும் தண்ணீரும் புகுந்தோ அதன் கதை முடிந்துவிடும்.

மறுநாள் சைட்டுக்குப் போய்ப் பார்த்தேன். 12 பாகை ஏற்றம் முடிந்து பெல்ட் கிடைமட்டமாகத் திரும்பும் குவிவளைவு அது. அங்கே பத்து ஃப்ரேம், முப்பது ரோலர். பத்தொன்பது கெட்டிருந்தன. நான்கைந்தை அறுத்துப் பேரிங்கைத் திறந்தோம். உள்வளையத்தில் பந்து ஓடிய தடம் நேராக இல்லை. ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குச் சாய்ந்து கிடந்தது. நான் அதைப் படம் எடுத்துக்கொண்டேனே தவிர, என்ன சொல்கிறது என்று புரிந்துகொள்ளவில்லை. ஐட்லரில் ஷாஃப்ட்டும் உள்வளையமும் நிற்கும், வெளிவளையம்தான் குழாயோடு சேர்ந்து சுற்றும். நிற்கும் வளையத்தில் தடம் சாய்ந்திருந்தால் ஷாஃப்ட் சாய்ந்து நின்றிருக்கிறது என்று பொருள். விடை கையிலேயே இருந்தது. நானோ "பேரிங் பத்தவில்லை" என்று முடிவு செய்து, அதே 20 மிமீ ஷாஃப்ட்டில் பொருந்தும், 6204ஐவிடப் பெரிய 6304 பேரிங் போட்ட ரோலர்களுக்கு ஆர்டர் கொடுத்தேன். வந்து சேர மூன்று வாரம். மாட்டி பத்து வாரம் ஓடியது. மறுபடியும் அதே சத்தம், அதே இடம்.

இரண்டாம் முறை தோற்றபோது பட்ட அவமானத்தை இன்னும் மறக்கவில்லை. முதல் முறை தோற்றால் துரதிர்ஷ்டம் என்பார்கள். அடுத்ததும் தோற்றால் எல்லார் பார்வையும் மாறிவிடுகிறது. கூட்டத்தில் யாரும் என்னைத் திட்டவில்லை, ஆனால் என்னிடம் எதுவும் கேட்கவும் இல்லை. அன்று இரவுதான் அந்தப் பழைய படங்களை எடுத்து வைத்துக்கொண்டு, ஷாஃப்ட்டை ஒரு சாதாரண உத்தரமாக வரைந்து பார்த்தேன்.

ரோலர் ஷாஃப்ட்டின் இரு முனைகளும் பிராக்கெட்டில் உட்கார்ந்திருக்கின்றன. பிராக்கெட்டிலிருந்து பேரிங் நடுப்புள்ளி வரை உள்ள தூரம் எங்கள் ரோலரில் 30 மிமீ. இரு பேரிங்குகளுக்கும் நடுவே 425 மிமீ. ரோலர் மேல் வரும் மொத்தச் சுமையை இந்த இரண்டு நீளங்களாலும் பெருக்கி, யங் குணகத்தையும் (பொருளின் விறைப்பு) ஷாஃப்ட் குறுக்குவெட்டின் நிலைமத் திருப்புத்திறனையும் (அந்த வடிவம் வளைவை எதிர்க்கும் அளவு) பெருக்கி நான்கு மடங்காக்கி, அதனால் வகுத்தால் பேரிங் இருக்கும் இடத்தில் ஷாஃப்ட் எவ்வளவு சாய்கிறது என்பது ரேடியனில் கிடைக்கும். 3438 ஆல் பெருக்கினால் பாகையின் அறுபதில் ஒரு பங்கான நிமிடமாக மாறும். எஃகுக்கு யங் குணகம் சதுர மிமீக்கு 2,06,000 நியூட்டன். 20 மிமீ ஷாஃப்ட்டின் நிலைமத் திருப்புத்திறன் 7854. எங்கள் 1240 நியூட்டனைப் போட்டால் விடை 8.4 நிமிடம். 1.4 பெருக்கு எண்ணையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 12. ஐட்லர் வேலையில் சாதாரணப் பந்து பேரிங்குக்கு 8 முதல் 10 நிமிடம்தான் எல்லை என்று பெரும்பாலும் வைக்கிறார்கள். பேரிங் ஆயுள் 25 ஆண்டு காட்டிய அதே ரோலர், வளைவே இல்லாத நேர்ப்பகுதியில்கூட சாய்வு எல்லையைத் தாண்டித்தான் நின்றிருக்கிறது. 6304 போட்டதால் இந்த எண் துளியும் மாறவில்லை, ஏனென்றால் ஷாஃப்ட் அதே 20 மிமீதான். பேரிங்கைப் பெரிதாக்கி ஷாஃப்ட்டை விட்டுவைத்தது என் பெரிய தவறு. நிலைமத் திருப்புத்திறன் விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 20 இலிருந்து 25 மிமீக்குப் போனாலே சாய்வு 2.44 மடங்கு குறைந்துவிடும். 12 நிமிடம் 5 ஆகிவிடும்.

சாய்வு பேரிங்கை மட்டும் கெடுப்பதில்லை. தூசு நுழையாதபடி வளைந்து நெளிந்த வழியாக அமைத்த லாபிரிந்த் சீலின் இடைவெளி மில்லிமீட்டருக்கும் குறைவு. ஷாஃப்ட் சாய்ந்தால் ஒரு பக்கம் உரசும், எதிர்ப்பக்கம் வாய் திறக்கும். கல் தூசு உள்ளே போகும் வழி அதுதான். அறுத்துப் பார்த்த ரோலர்களில் கிரீஸ் சாம்பல் நிறத்தில் அரைத்த மாவு போல இருந்ததன் காரணமும் அப்போதுதான் விளங்கியது.

இங்கே ஒரு நடைமுறை விஷயம். 30 மிமீ, 425 மிமீ என்று மேலே சொன்னேனே, அந்த இரண்டு அளவும் எந்தக் கேட்லாக்கிலும் எனக்கு நேராகக் கிடைக்கவில்லை. தயாரிப்பாளரிடம் குறுக்குவெட்டு வரைபடம் கேட்டு வாங்கினால்தான் தெரியும். நீளமான சீல் வைத்திருக்கும் ரோலரில் பேரிங் உள்ளே தள்ளிப் போய்விடும், முதல் தூரம் கூடும், சாய்வும் அதே விகிதத்தில் கூடும். சிலர் இரு பேரிங்குகளுக்கு நடுவே மட்டும் ஷாஃப்ட்டைத் தடிப்பாக விடுகிறார்கள். பேரிங் துளையின் அளவை மட்டும் பார்த்தால் அந்த நல்லது நமக்குத் தெரியாமலே போகும். அதனால் இப்போது நான் ரோலர் வாங்கும் முன் கேட்பவை: பேரிங் நடுவிலிருந்து பிராக்கெட் வரை உள்ள தூரம், பேரிங்குகளின் இடைத்தூரம், நடுவில் ஷாஃப்ட் விட்டம், பேரிங்கின் உள் இடைவெளி வகுப்பு (சாதாரணத்தைவிடத் தளர்வான சி3 சாய்வைக் கொஞ்சம் கூடுதலாகப் பொறுத்துக்கொள்ளும்), அவர்கள் அனுமதிக்கும் சாய்வு எல்லை. கடைசிக் கேள்விக்கு பதில் சொல்லத் தடுமாறுகிறவரிடம் நான் வாங்குவதில்லை.

25 மிமீ ஷாஃப்ட்டுக்கு மாறுவது ரோலரோடு முடியவில்லை. ஷாஃப்ட் முனையில் சீவியிருக்கும் தட்டைப் பகுதி 20 மிமீக்கு 14, 25 மிமீக்கு 18. பிராக்கெட்டின் காடியும் அதற்கேற்ப மாற வேண்டும், அதாவது ஃப்ரேமையே மாற்ற வேண்டும். ஆறு வாரம் ஆகும் என்றார்கள். அதுவரை ஓட்டத்தை நிறுத்த முடியாது. சரி, இருக்கிற ரோலர்களையே நெருக்கமாகப் போட்டுவிடலாம் என்று, வளைவில் இடைவெளியை 1.2 மீட்டரிலிருந்து 0.6 ஆகக் குறைத்தேன்.

அப்படிச் செய்ய நினைத்ததற்குக் காரணம் இருந்தது. குவிவளைவில் ரோலர் மேல் கல்லும் பெல்ட்டும் மட்டும் உட்காரவில்லை, பெல்ட்டின் இழுவிசையும் உட்காருகிறது. ஒவ்வொரு ஐட்லரிலும் பெல்ட் கொஞ்சம் திரும்புகிறது. இழுவிசையை இடைவெளியால் பெருக்கி, வளைவின் ஆரத்தால் வகுத்தால் அந்தக் கூடுதல் சுமை கிடைக்கும். எங்களுக்கு அங்கே இழுவிசை 60 கிலோநியூட்டன், ஆரம் 60 மீட்டர், இடைவெளி 1.2. ஆக 1200 நியூட்டன், ஒவ்வொரு ஐட்லருக்கும். கல்லும் பெல்ட்டும் சேர்ந்தே 1850 தான் என்பதை நினைத்துப் பாருங்கள். நான் எடுத்தாண்ட ஷீட்டில் டன், வேகம், பெல்ட் எடை, இடைவெளி இவற்றுக்குத்தான் கட்டம் இருந்தது. ஆரத்துக்கும் இழுவிசைக்கும் கட்டமே இல்லை, நானும் தேடவில்லை. இழுவிசையைத் தனி ஷீட்டில் மூன்று வாரம் கணக்குப் போட்டவன் அதை இங்கே கொண்டுவர யோசிக்கவே இல்லை. இன்னொன்றும் உண்டு: குவிவளைவில் பெல்ட்டின் ஓரங்கள் நடுப்பகுதியைவிட அதிகம் இழுபடும், அதனால் பக்க ரோலர்களின் பங்கும் ஏறும். நடு ரோலரை மட்டும் சரிபார்த்து நிறுத்திவிடக் கூடாது. பெல்ட் கல்லைக் கொட்டும் முனையிலுள்ள பெரிய உருளையான ஹெட் புல்லிக்கு முந்தைய கடைசி ஐட்லருக்கும் இதே விதிதான். புல்லி கொஞ்சம் தாழ்வாக இருந்தால் இழுவிசை அந்த ஐட்லரை அழுத்தும்.

இடைவெளி பாதியானால் எடையும் பாதி, வளைவுச் சுமையும் பாதி. காகிதத்தில் அழகாக இருந்தது. மாட்டி ஐந்து வாரத்தில் மூன்று ஃப்ரேம்களில் மறுபடி சத்தம். அப்போது நான் உடைந்துபோனேன் என்றே சொல்ல வேண்டும். அந்த அண்ணன்தான் பக்கத்தில் வந்து, "தம்பி, எப்பவும் இந்த மூணுதான் முதல்ல போகுது. ரோலரை விடுங்க, ஃப்ரேம் உக்காந்திருக்கிற உயரத்தை எப்பவாச்சும் பாத்தீங்களா?" என்று கேட்டார். அடுத்த ஷட்டவுனில் கம்பி கட்டி, ஒவ்வொரு ஃப்ரேமும் அதன் இரு பக்கத்து ஃப்ரேம்களோடு சேர்ந்து இருக்கவேண்டிய வளைவு உயரத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளந்தோம். அந்த மூன்றும் 8 முதல் 10 மிமீ வரை தூக்கலாக நின்றன. உயரத்தைச் சரிசெய்ய அடியில் வைக்கும் ஷிம் தகடு கூடுதலாகப் போட்டிருந்தார்கள். கண்ணால் பார்த்தால் தெரியாது.

தூக்கலாக நிற்கும் ஐட்லருக்கு வரும் கூடுதல் சுமையைக் கணிப்பது எளிது: இழுவிசையை உயர வித்தியாசத்தால் பெருக்கி, இரண்டு மடங்காக்கி, இடைவெளியால் வகுக்க வேண்டும். அமெரிக்கக் கன்வேயர் தயாரிப்பாளர் சங்கமான சீமாவின் முறையில் இதற்கென்றே தனிச் சூத்திரம் இருக்கிறது, நான்தான் அதுவரை அதைப் பார்க்கவில்லை. 60 கிலோநியூட்டன், 10 மிமீ, 1.2 மீட்டர் என்றால் 1000 நியூட்டன். இடைவெளியை நான் 0.6 ஆகக் குறைத்தபோது, அதே 10 மிமீக்கு இது 2000 நியூட்டனாக இரட்டித்துவிட்டது. எடையையும் வளைவுச் சுமையையும் பாதியாக்கிய அதே கை இந்தச் சுமையை இரண்டு மடங்காக்கியிருக்கிறது. ஐட்லரை நெருக்கினால் பாதுகாப்பு என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். இழுவிசை அதிகமான இடத்தில் நெருக்கும்போது, உயர ஒழுங்கும் அதே அளவு நெருக்கமாக வேண்டும்.

இதோடு இன்னொரு உண்மையும் வெளியே வந்தது. மணிக்கு 1000 டன் என்பது சராசரி. பெல்ட் எடைமானியின் பதிவைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோது, பல நிமிடங்கள் தொடர்ந்து 1350 வரை போயிருந்தது. அப்படியானால் ஐட்லர் மேல் வரும் எடை 1850 இல்லை, 2420 நியூட்டன். எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள்: பழைய அமைப்பில், தூக்கலான ஃப்ரேமில், உச்ச ஓட்டத்தின்போது 2420, 1200, 1000; மொத்தம் 4620 நியூட்டன். நான் கணக்கில் எடுத்ததைப்போல் இரண்டரை மடங்கு. 67 சதவீதம் நடு ரோலருக்கு என்றே வைத்தாலும், 1.4 பெருக்கு எண்ணைச் சேர்க்காமலே, ஷாஃப்ட் சாய்வு 21 நிமிடம். வேடிக்கை என்னவென்றால், இந்தச் சுமையைப் பேரிங் ஆயுள் சூத்திரத்தில் போட்டால் அப்போதும் நான்கு ஆண்டுக்கு மேல் என்றுதான் வருகிறது. அந்தச் சூத்திரத்தை மட்டும் நம்பியிருந்தால் என்றைக்கும் கண்டுபிடித்திருக்க மாட்டேன். இடைவெளியை மட்டும் பாதியாக்கிய பிறகு சாய்வு 21 இலிருந்து 17 ஆகத்தான் குறைந்திருக்கிறது.

கடைசியில் செய்தது இதுதான். வளைவில் 0.6 மீட்டர் இடைவெளி, 25 மிமீ ஷாஃப்ட், 6205 பேரிங், உயர விலகல் 3 மிமீக்குள். உச்ச ஓட்டத்துக்கு மொத்தச் சுமை 2410 நியூட்டன், சாய்வு 4.5 நிமிடம். நேர்ப்பகுதியில் இடைவெளியைத் தொடவில்லை. கெடுகிற ஃப்ரேமை மட்டும் 25 மிமீக்கு மாற்றி வருகிறோம். எல்லா இடத்திலும் நெருக்கினால் சுழலும் எடையும் சீல் உராய்வும் கூடி மோட்டார்தான் அதைச் சுமக்க வேண்டும்.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கல் விழும் இடத்தில் விநாடிக்கு விழும் கிலோவை, விழும் வேகத்தால் பெருக்கினால் தொடர் மோதல் விசை வரும். ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து எங்கள் கல்லுக்கு அது 1500 நியூட்டன். பெரிய கட்டிகள் விழுந்தால் இந்தக் கணக்கு போதாது, ஒரு கட்டியின் விழும் ஆற்றலையும் அங்குள்ள ரோலரில் மாட்டிய ரப்பர் வளையத்தின் விறைப்பையும் வைத்துத் தனியாகப் பார்க்க வேண்டும். ஹெட் புல்லிக்கு எதிர்முனையான டெயில் பக்கம் இழுவிசை குறைவு என்பதால் அங்கே பயப்பட வேண்டியது பெல்ட் தொய்வுக்கு. மீட்டர் எடையை 9.81 ஆலும் இடைவெளியாலும் பெருக்கி, இழுவிசையின் எட்டு மடங்கால் வகுத்தால் வருவது 2 சதவீதத்துக்குள் இருக்கட்டும், முடிந்தால் இன்னும் கீழே. இதையும் உச்ச ஓட்டத்துக்கே பாருங்கள். பொருளின் அடர்த்தி மாறும் என்றால், பெல்ட் அகலத்துக்குக் குறைந்த அடர்த்தியையும் ஐட்லர் சுமைக்கு அதிக அடர்த்தியையும் எடுங்கள். ரோலர் சுற்று நிமிடத்துக்கு 600ஐத் தாண்டுகிறது என்றால் விட்டத்தைக் கூட்டுங்கள்.

அந்த வளைவு இப்போது பதினான்கு மாதமாக ஓடுகிறது. அறுபது ரோலர்களில் இரண்டை மாற்றியிருக்கிறோம். இரண்டையும் அறுத்துப் பார்த்தேன். கழுவும் குழாய்த் தண்ணீர் நேராகப் பீய்ச்சிச் சீலைத் தாண்டியிருந்தது. உள்வளையத்தில் பந்துத் தடம் நேராக இருந்தது. ஃப்ரேம் உயரத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கம்பி கட்டி அளக்கிற வேலையை அந்த அண்ணன் தன் அட்டவணையில் சேர்த்துக்கொண்டார்.